பழைய பாட்டிலையும் தெர்மாகோலையும் ரெசினில் சேர்க்கலாமா?

கேட்டவர் மும்பைக்கு வடக்கே வசாயில் சிறிய எஃப்ஆர்பி (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) பட்டறை நடத்துகிறார். மேன்ஹோல் மூடி, கதவு, கூலர் பாடி, ரசாயனத் தொட்டி என்று கையால் கண்ணாடி இழை மேட் விரித்து ரெசின் பூசிச் செய்கிற வேலை. அவருடைய மாமா தாராவி 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பங்காரை (பழைய கழிவுச் சாமானை) பிரித்து, கழுவி, அரைத்து விற்கிறார். பெட் பாட்டில், தெர்மாகோல், கேன் உடைசல், பழைய சிடி எல்லாம் அங்கே வருகின்றன. "இவற்றைத் தூளாக்கி பாலியஸ்டர் ரெசினிலோ எபாக்சியிலோ கலந்தால் செலவு குறையுமா? உறுதியும் கூடும் என்கிறார்களே, உண்மையா? பட்டறையிலேயே செய்ய முடியுமா?" என்பது அவருடைய கேள்வி.

மாட்டுங்காவில் பாலிமர் படித்துவிட்டு, தொழில் வாழ்க்கை முழுவதையும் தானே–பேலாப்பூர் பக்கத்து ரெசின் ஆலைகளில் கழித்தவன் நான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூளாக்கிக் கலக்காதீர்கள். தெர்மாகோலைக் கரைத்துச் சேர்ப்பது ஒரு குறிப்பிட்ட வகை வேலைக்கு நன்றாக உதவும், ஆனால் அது உங்கள் வேலை அல்ல. பெட் பாட்டிலை ரசாயன முறையில் உடைத்து அதிலிருந்தே ரெசின் தயாரிப்பதுதான் உண்மையில் பலன் தருவது. அதைப் பட்டறையில் செய்ய முடியாது. ஆனால் உங்கள் மாமாவும் நீங்களும் அந்த வேலையின் இரண்டு முனைகளில் இருக்க முடியும்.

இனி காரணங்கள். பக்கெட், கேன், பாட்டில் எல்லாம் தெர்மோபிளாஸ்டிக். சூடாக்கினால் உருகும், ஆறினால் இறுகும், மறுபடி உருக்கலாம். உங்கள் ரெசின் அப்படி இல்லை. கோபால்ட் என்ற முடுக்கியும் எம்.இ.கே.பி. என்ற கேட்டலிஸ்டும் சேர்ந்ததும், ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம் பாலியஸ்டர் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடத் தொடங்கிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே முப்பரிமாண வலையாகிவிடும். வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாத மாதிரி, இறுகிய ரெசினை உருக்க முடியாது. பேக்லண்ட் 1907-ல் செய்த பேக்கலைட்டிலிருந்து இன்றைய எபாக்சி வரை தெர்மோசெட்களின் குணம் இதுதான். இந்த வலை வெப்பத்தையும் ரசாயனத்தையும் தாங்கும். ஆனால் அடி பட்டால் சட்டென்று விரிசல் விடும். இறுகும்போது சுருங்கவும் செய்யும். பாலியஸ்டர் ரெசின் கன அளவில் 7 முதல் 10 சதவீதம் வரை சுருங்குகிறது. ஆகவே இந்த ரெசின்களில் வேறு பாலிமரைச் சேர்ப்பவர்கள் விரிசலைத் தடுக்கப் பார்க்கிறார்கள், அல்லது சுருக்கத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள், அல்லது விலையை.

பழைய பிளாஸ்டிக்கால் இதெல்லாம் நடக்குமா என்றால், அந்த வலைக்குள் அது எந்த நிலையில் நுழைகிறது என்பதைப் பொறுத்தது. திடத் துகளாகவே நுழைந்தால் ஒரு விளைவு, கரைந்து நுழைந்தால் வேறு விளைவு, வலையின் கண்ணியாகவே மாறி நுழைந்தால் முற்றிலும் வேறு.

துகளை எடுத்துக்கொள்வோம். இதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் வேண்டாம், உங்கள் பட்டறையிலேயே சாட்சி இருக்கிறது. சமதளமான ஷீட் போடும்போது மேலே மைலார் ஃபிலிம் விரிக்கிறீர்கள் அல்லவா? ரெசின் இறுகியதும் அது பிசிறில்லாமல் உரிந்து வந்துவிடுகிறது. மைலார் என்பது பெட்தான், உங்கள் மாமா அரைக்கிற பாட்டிலின் அதே பாலிமர். ரெசின் கலக்கிற பிளாஸ்டிக் மக்கில் மிஞ்சி இறுகியது தட்டினால் கழன்று விழுகிறதே, அந்த மக் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். தட்டினால் பிரிந்துவிடுகிற பரப்பைத் தூளாக்கி ரெசினுக்குள் தூவினால், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒட்டாத ஓர் இடைவெளி கிடைக்கும். பாரம் ஏறும்போது ரெசினுக்கு அது ஓட்டைதான். வளைவு உறுதி குறையும். தண்ணீர் அந்த இடைவெளி வழியே உள்ளே போகும்.

"துகள் சேர்த்தால் டஃப் ஆகும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். அது பொய்யில்லை, வேறு இடத்து உண்மை. எபாக்சியில் திரவ ரப்பரை 10 முதல் 15 பாகம் கரைத்தால், இறுகும்போது அந்த ரப்பர் ஒன்றிலிருந்து சில மைக்ரான் வரையிலான உருண்டைகளாகப் பிரிந்து நிற்கும். விரிசல் வரும்போது இந்த உருண்டைகள் உள்ளுக்குள் பிளந்து, சுற்றியுள்ள எபாக்சி கொஞ்சம் இழுபட வழி விடுகின்றன. விரிசல் ஓடத் தேவையான ஆற்றல் பல மடங்கு கூடுகிறது. விமானத் துறையில் இதே வேலைக்குப் பாலிஈதர்சல்ஃபோன் போன்ற தெர்மோபிளாஸ்டிக்கை எபாக்சியில் கரைக்கிறார்கள். கார்பன் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே மிக நுண்ணிய தெர்மோபிளாஸ்டிக் துகள்களை வைக்கிறார்கள். போயிங் 777 விமானத்தின் வால் பகுதி அப்படிப்பட்ட கலவையால் ஆனதுதான். அங்கெல்லாம் துகளின் அளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது, துகளுக்கும் ரெசினுக்கும் பிடிப்பு இருக்கிறது. உங்கள் கிரைண்டரில் வருவது 300, 500 மைக்ரான். அந்த அளவில் அது விரிசலைத் தடுக்காது, தொடங்கி வைக்கும். பழைய டயர்த் தூளும் இப்படியே ஏமாற்றும். ரப்பர் என்ற பெயரை மட்டும் வைத்து நம்பி வாங்கிவிடாதீர்கள். அது ஏற்கனவே வல்கனைஸ் ஆகி இறுகிவிட்ட, கரையவே கரையாத பெரிய துகள்.

விலைக் கணக்கிலும் இது நிற்காது. டோலமைட், கால்சியம் பவுடர் எல்லாம் கிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பெட் ஃபிளேக்ஸ் (பாட்டிலை அரைத்த சிறு துண்டுகள்) அதைவிடப் பல மடங்கு விலை. அதை நைசாக அரைப்பது இன்னும் பெரிய செலவு. பெட் இழுபடும் பிளாஸ்டிக், அரைக்க அரைக்கச் சூடேறி ஒட்டிக்கொள்ளும், குளிரூட்டி அரைத்தால்தான் மாவு மாதிரி வரும். இத்தனைக்கும் பிறகு ரெசின் கெட்டியாகிவிடும். கையால் பூசுகிற ரெசின் 300 முதல் 600 சென்டிபாய்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை ஓட்டம் உள்ளதாக இருந்தால்தான் மேட்டுக்குள் இறங்கும். கெட்டி ரெசின் மேலே நிற்கும், கீழே கண்ணாடி இழை வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். அந்த மூடியின் மேல் ஒருநாள் ஒரு டெம்போ ஏறும்.

சரி, கரைத்துச் சேர்ப்பது. தெர்மாகோல் என்பது ஊதிப் பெருக்கிய பாலிஸ்டைரீன், கன அளவில் 98 சதவீதம் காற்று. ஸ்டைரீனில் போட்டால் புஸ்ஸென்று சுருங்கிக் கரைந்துவிடும். உங்கள் ரெசினிலும் ஸ்டைரீன் இருக்கிறது, எனவே கரைசலாகச் சேர்வதில் சிக்கல் இல்லை. இதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. எஸ்எம்சி, டிஎம்சி (சூடான அச்சில் அழுத்தி வார்க்கும் ரெசின்-இழைக் கலவைகள்) தயாரிப்பாளர்கள் சுருக்கத்தைக் குறைக்க பாலிஸ்டைரீன், பாலிவினைல் அசிடேட் போன்றவற்றைப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வருகிறார்கள். சுவிட்ச்கியர் என்ற மின் பெட்டியில், மின்சாரம் ஓடும் பஸ்பார் பட்டையைத் தாங்குகிற அந்தச் சிவப்பு நிற டிஎம்சி கட்டைகளை எடுத்துப் பாருங்கள், விளிம்பு கூர்மையாக, மேல்தளம் நேராக இருக்கும்.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் உங்களுக்கு ஏன் உதவாது என்பது புரியும். மோல்டு 140, 150 டிகிரியில் இருக்கும். ரெசின் இறுக இறுக, அதுவரை கரைந்திருந்த பாலிஸ்டைரீனுக்கு வலைக்குள் இடமில்லாமல் போகிறது. தனித் துளிகளாகப் பிரிகிறது. அந்தச் சூட்டில் துளிகள் விரிந்து நிற்கின்றன. ரெசின் சுருங்கப் பார்க்கும்போது இந்தத் துளிகளின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெற்றிடங்கள் உண்டாகி, சுருங்க வேண்டிய அளவை அவை எடுத்துக்கொள்கின்றன. வெளியே அளவு மாறுவதில்லை. இந்த நாடகம் முழுவதற்கும் சூடு வேண்டும். கை வேலையில், கோபால்ட் போட்டு அறை வெப்பத்தில் இறுக வைக்கும்போது அந்த விரிவு போதுமான அளவு நடப்பதில்லை. சுருக்கம் பெரிதாகக் குறையாது, மங்கலும் உறுதிக் குறைவும் மட்டும் மிஞ்சும். நுண்வெற்றிடங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் நிறமும் வெளிறும். கருநீலம் கேட்ட வாடிக்கையாளருக்குத் திட்டுத் திட்டான நீலம் போகும்.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது சூடான பிரஸ்ஸில் டிஎம்சி அடிக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு மாமாவின் தெர்மாகோல் உபயோகப்படும். அப்போதும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். டிவி, ஃப்ரிட்ஜ் பேக்கிங் தெர்மாகோல் நல்லது. மீன் பெட்டித் தெர்மாகோலில் உப்பும் கொழுப்பும் ஊறியிருக்கும், சோடா போட்டுக் கழுவிக் காயவைக்காமல் எடுக்கக் கூடாது. கட்டட வேலைக்கான பழைய பலகைகளை ஒதுக்கிவிடுங்கள். தீ பிடிக்காமலிருக்க அவற்றில் சேர்த்து வந்த ஹெக்சாபுரோமோசைக்ளோடோடெகேன் என்ற பொருள் 2013-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் ஏறியது. பாலிஸ்டைரீன் கரைசலும் ரெசினும் நின்றால் பிரியும், ஆகவே பயன்படுத்தும் முன் ஒவ்வொரு முறையும் கலக்க வேண்டும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். திறந்த டிரம்மில் ஸ்டைரீன் ஊற்றி, ஆள் குனிந்து நின்று தெர்மாகோலைத் திணிக்கிற காட்சியைப் பார்த்திருக்கிறேன். தெர்மாகோலில் அடைபட்ட காற்று வெளியேறும்போது ஸ்டைரீன் ஆவியையும் முகத்துக்கு நேராகக் கொண்டு வருகிறது. ஸ்டைரீன் 31 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். மும்பையில் மார்ச் முதல் மே வரை மதியம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018-ல் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் வைத்தது. மூடிய பாத்திரம், காற்றை வெளியே இழுக்கும் விசிறி, கரிமப்பொருள் ஆவிக்கான மாஸ்க் மூன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. துணியை மூக்கில் கட்டுவதால் ஒரு பயனும் இல்லை. பெட்ரோலிலோ தின்னரிலோ கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் திரவம் வலைக்குள் சேராது, உள்ளேயே தங்கிப் பொருளை மென்மையாக்கும், பிறகு மாதக்கணக்கில் நாறும்.

இப்போது பெட். எனக்கு உண்மையான நம்பிக்கை இருப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட் ஒரு பாலியஸ்டர். உங்கள் ரெசினும் ஒரு பாலியஸ்டர். இரண்டிலும் எஸ்டர் பிணைப்பு. எஸ்டர் பிணைப்பைக் கிளைக்கால் என்ற ஆல்கஹால் வகைத் திரவம் கொண்டு அறுக்க முடியும். பாட்டில் தரத்துப் பெட்டில் ஒரு சங்கிலிக்கு நூறுக்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். அதைப் புரொப்பிலீன் கிளைக்காலோடு சேர்த்து, அரை சதவீதம் துத்தநாக அசிடேட் போட்டு, நைட்ரஜன் செலுத்திக்கொண்டே 190, 200 டிகிரிக்குக் கொண்டுபோய் சில மணி நேரம் வைத்தால், ஃபிளேக்ஸ் மெல்ல மெல்லக் காணாமல் போய் ஒன்றிரண்டு கண்ணிகள் மட்டும் உள்ள திரவம் கிடைக்கும். இரண்டு முனையிலும் ஹைட்ராக்சில் என்ற, அடுத்த கண்ணியைப் பிடிக்கக்கூடிய கை. அதோடு மெலிக் அன்ஹைட்ரைடு சேர்த்து, தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே மறுபடி சங்கிலி கட்டினால் நிறைவுறாத பாலியஸ்டர் ரெசின் தயார். ஆறவைத்து, தானாக இறுகிவிடாமலிருக்க ஹைட்ரோகுவினோன் போட்டு, ஸ்டைரீனில் கரைத்தால் நீங்கள் வாங்குகிற அதே வகை ரெசின்தான். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் வைத்யாவும் நாட்கர்ணியும் 1987-லேயே இதைச் செய்து விளக்கமாக வெளியிட்டார்கள். உலகம் முழுக்க அடுத்து வந்தவர்கள் அந்தக் கட்டுரைகளை எடுத்துக்காட்டுகிறார்கள். நம் ஊர் வேலை இது, நம் ஊர்ப் பட்டறைகளுக்குத்தான் போதுமான அளவு வந்து சேரவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அளவு தெரிய ஒரு கணக்கு. 100 கிலோ பெட், 60 கிலோ புரொப்பிலீன் கிளைக்கால். இதற்கு ஈடாக, கிளைக்கால் சுமார் 10 சதவீதம் மிகையாக இருக்கும்படி வைத்தால், 70 கிலோ மெலிக் அன்ஹைட்ரைடு. வினையில் வெளியேறும் தண்ணீர் 13 கிலோ போக 217 கிலோ அடிப்படை ரெசின் நிற்கும். மொத்தத்தில் 38 சதவீதம் இருக்கும்படி ஸ்டைரீன் சேர்த்தால் 350 கிலோ. ஆக, ஒவ்வொரு 100 கிலோ ரெசினிலும் கிட்டத்தட்ட 29 கிலோ பழைய பாட்டில். சாதாரண ஜிபி (பொதுப் பயன்பாட்டு) ரெசினில் தாலிக் அன்ஹைட்ரைடு செய்கிற வேலையை இங்கே பெட்டிலிருந்து வரும் டெரெப்தாலேட் செய்கிறது, கிளைக்காலிலும் ஒரு பகுதி பெட்டிலிருந்தே வந்துவிடுகிறது.

தரம் குறையுமா என்றால், சரியாகச் செய்தால் கூடும். டெரெப்தாலேட்டின் இரண்டு கைகளும் நேரெதிரே நீட்டியிருப்பவை; தாலிக்கில் பக்கத்துப் பக்கத்தில். நேரான சங்கிலி வெப்பத்தையும் ரசாயனத்தையும் கூடுதலாகத் தாங்கும். டெரெப்தாலிக் வகை ரெசின்கள் பொதுவாக ஜிபி ரெசினைவிட மேல், அதைவிட உயர்தரமான ஐசோ (ஐசோப்தாலிக்) ரெசினுக்கு அருகில். புதிய டெரெப்தாலிக் அமிலத்திலிருந்து இதைச் செய்யப் போனால் அது கிளைக்காலில் எளிதில் கரையாமல் படுத்தும். பெட் வழியாகப் போனால் அந்தத் தொல்லை இல்லை. பழைய பாட்டில் இங்கே மலிவான மாற்று என்பதைவிட, ஒரு நல்ல மூலப்பொருள் என்றே சொல்வேன்.

கிளைக்கால் தேர்வில் கவனம் வேண்டும். எத்திலீன் கிளைக்காலால் உடைத்தால் சங்கிலி மிகச் சீராக அமைந்து படிகமாகும், ஸ்டைரீனில் சரியாகக் கலக்காது. ஜனவரி குளிரில் டிரம்மின் அடியில் வெள்ளையாகப் படியும். புரொப்பிலீன் கிளைக்காலில் பக்கவாட்டில் ஒரு மெத்தில் நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தச் சீர் கெடுகிறது. மெலிக்கிலிருந்து வருகிற பிணைப்பு 200 டிகிரி அருகே ஃபியூமரேட் வடிவத்துக்கு மாறுவதும் இதில்தான் கூடுதலாக நடக்கும். ஸ்டைரீனோடு ஃபியூமரேட்தான் நன்றாகச் சேரும், அதனால் இறுகுவதும் முழுமையாக இருக்கும். டைஎத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் கலந்தால் வளைந்து கொடுக்கும், ஆனால் வெப்பம் தாங்குவது குறையும். பெட் பாட்டிலே எத்திலீன் கிளைக்காலைக் கொண்டு வருகிறது என்பதால், பெட்டின் பங்கை இஷ்டத்துக்கு ஏற்றிக்கொண்டே போக முடியாது.

இதைப் பட்டறையில் செய்ய முடியாது என்றேனே, காரணம் எளிது. புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், சுமார் 100 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி தரும். அதை 200 டிகிரியில் வைத்து வேலை செய்கிறோம். நைட்ரஜன், தண்ணீரை மட்டும் விட்டுக் கிளைக்காலைத் திருப்பி அனுப்பும் நெடுங்குழாய், வெப்ப எண்ணெய்ச் சுற்று, வினை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் அமில மதிப்பைப் பார்க்கும் ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டும். டிரம்முக்கு அடியில் பர்னர் வைத்து முயன்று பார்க்கலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். தலோஜா, அம்பர்நாத் பக்கம் கூலிக்கு ரெசின் சமைத்துக் கொடுக்கிற சிறிய ஆலைகளிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தேவை நல்ல ஃபிளேக்ஸ். அங்கேதான் உங்கள் மாமா வருகிறார்.

வேதியியல் பாதி, பிரித்தெடுப்பது பாதி என்று நான் சொன்னால் ஆலைக்காரர்கள்கூட முதலில் நம்புவதில்லை. தண்ணீரில் போட்டால் மூடியின் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பெட் மூழ்கும், அவ்வளவுதானே என்பார்கள். பெட்டின் அடர்த்தி 1.38. பிவிசியும் 1.35-லிருந்து 1.40-க்குள்தான். இரண்டும் சேர்ந்து மூழ்கும். சில பாட்டில்களின் சுருங்கும் லேபிள் பிவிசி. அது ரியாக்டருக்குள் போனால் 200 டிகிரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். ரெசின் தேன் நிறத்திலிருந்து டீ நிறத்துக்குப் போகும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்தில் குழி விழும். மூழ்கியதில் சந்தேகமாக இருக்கும் ஒரு துண்டை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியால் தொட்டு, கம்பியை மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அது பெட் அல்ல, குளோரின் உள்ள பொருள். வெளியில் நின்று, சின்னத் துண்டில் மட்டும் செய்யுங்கள். இதைவிடச் சிறந்தது லேபிளை அரைக்கும் முன்பே உரிப்பது. அரைத்த பிறகு எந்த மெஷினாலும் மீட்க முடியாததை, தாராவியில் உட்கார்ந்து பிரிக்கிற பெண்களின் கை ஒரு நொடியில் பிரித்துவிடுகிறது. அந்தத் திறமைக்கு இன்றைய கூலி போதாது என்பது என் கருத்து. ஃபிளேக்ஸுக்கு நல்ல விலை கிடைக்கும்போது அது அவர்கள்வரை போக வேண்டும்.

அப்புறம் கழுவுவது. பசை போக 80 டிகிரி அளவில் காஸ்டிக் தண்ணீர் வேண்டும். அந்தக் காஸ்டிக்கைக் கடைசிச் சொட்டு வரை அலச வேண்டும், தங்கிவிட்டால் வினையில் உப்பாகி ரெசினைக் கலக்கலாக்கும். பிறகு காயவைக்க வேண்டும். ஈர ஃபிளேக்ஸைக் கொதிக்கிற கிளைக்காலில் கொட்டினால் பொங்கிவிடும், அது ஆபத்து. ஒன்றிரண்டு மூடித் துண்டு தப்பி உள்ளே போனால் பயமில்லை. உருகி மேலே மிதக்கும், வடிகட்டிவிடலாம்.

எந்தப் பாட்டிலை இதற்குக் கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. நிறமில்லாத, சுத்தமான பாட்டில் மறுபடி பாட்டிலாகவே ஆக வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டு வந்ததிலிருந்து அதற்குத் தேவையும் கூடியிருக்கிறது. ரெசினாகிவிட்ட பெட்டை யாரும் திரும்ப உருக்க முடியாது. அது அந்தப் பொருளின் கடைசி நிறுத்தம். எனவே பாட்டில்காரர்கள் வேண்டாம் என்று தள்ளுகிற பச்சை, பழுப்பு, கலப்பு நிறம், எண்ணெய் பாட்டில், பேக்கிங் பட்டை ஆகியவற்றைத்தான் ரெசினுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் செய்கிற மேன்ஹோல் மூடியும் கறுப்புத் தொட்டியும் நிறம் பார்ப்பதில்லை. இருபது வருஷம் தெருவில் கிடக்கப்போகிற பொருளுக்குள் ஒரு பழுப்புப் பாட்டில் போவது நியாயம். ஒரு வருஷத்தில் தூக்கி எறிகிற அலங்காரச் சாமானுக்குள் போவது எனக்கு ஒப்பாது. குடிநீர்த் தொட்டிக்கு மட்டும் இந்த ரெசினைப் பயன்படுத்தாதீர்கள். பழைய பாட்டிலில் முன்பு என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது.

மேன்ஹோல் மூடி செய்கிறவர் என்பதால் இன்னொரு வழியும் சொல்கிறேன், பாலிமர் கான்கிரீட். சிமெண்டுக்குப் பதில் ரெசின், எடையில் பத்து முதல் இருபது சதவீதம் வரை. மற்றதெல்லாம் காய்ந்த மணலும் ஜல்லியும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெய்ஸ், ஃபௌலர் இருவரும் 1990-களின் தொடக்கத்தில் பெட்டிலிருந்து வந்த ரெசினை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே நாளில் பெரும்பகுதி உறுதி வந்துவிடுகிறது. இரும்பு மூடி திருட்டுப் போகிற ஊரில், வடிகால் மூடிக்கும் கேபிள் குழி மூடிக்கும் இது நன்றாகப் பொருந்தும். கெட்டித்தன்மையும் இங்கே பிரச்சினை இல்லை, மேட்டுக்குள் இறங்க வேண்டியதில்லை. மணலில் ஈரம் இருக்கக் கூடாது என்பதுதான் கண்டிப்பு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைஎத்திலீன் கிளைக்காலால் உடைத்த பெட், பாலியூரித்தேன் கடின நுரைக்குப் பாலியால் என்ற மூலப்பொருளாகப் போகிறது. இது பெரிய அளவில் நடக்கிற வியாபாரம், உங்கள் மாமாவுக்கு இன்னொரு வாடிக்கையாளர் கூட்டம். சிடியில் இருப்பது பாலிகார்பனேட். சூடான எபாக்சியில் அது கரையும், அமீன் ஹார்டனரோடு வினையும் புரியும், ஐந்து பத்து சதவீதத்தில் டஃப்னெஸ் கூடக்கூடும். ஆனால் ரெசின் தேன்பாகாகிவிடும், அலுமினிய மேற்பூச்சை வேறு உரிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு நல்ல பாடம், பட்டறைக்கு இப்போதைக்கு வேண்டாம். கேன் உடைசலைத் தானாவாக (சிறு பிளாஸ்டிக் மணிகளாக) ஓட்டி கேனாகவே ஆக்கச் சொல்லுங்கள், ரெசினில் அதற்கு வேலையில்லை.

பெட் ரெசின் கிடைத்ததும் நேராக ஆர்டரில் இறங்காதீர்கள். முதலில் ஒரு டிரம் மட்டும் வாங்குங்கள். இப்போது பயன்படுத்துகிற ஜிபி ரெசினையும் அதையும் ஒரே மேட், ஒரே அடுக்கு, ஒரே கோபால்ட், ஒரே கேட்டலிஸ்ட் அளவில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நாளில் போடுங்கள். ரெசின் கூழாகும் ஜெல் நேரத்தையும், ஒரு கப்பில் இறுகும்போது எட்டுகிற உச்ச வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட் ரெசினில் மெலிக் கூடுதலாக இருந்தால் அதிகம் சூடாகும், தடித்த இடத்தில் வெடிப்பு வரும், அப்போது கேட்டலிஸ்டைக் குறைக்க வேண்டும். ஒரு நாள் கழித்து பார்கால் கருவியால் கடினம் பாருங்கள், 35-க்குக் கீழே இருந்தால் சரியாக இறுகவில்லை. ஒரு துண்டைக் கொதிநீரில் சில மணி நேரம் போட்டு எடை பாருங்கள், ஓரத்தில் வெளிறுகிறதா என்று பாருங்கள். வளைவுச் சோதனையை வெளியே நல்ல ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் செய்யலாம். டிரம்மைத் திறக்காமல் இரண்டு மாதம் வைத்து, அடியில் படிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை, குளிர் நாளில் ஒரு தடவை இதையெல்லாம் செய்துவிட்டால் ஆலைக்காரரிடம் எந்த அமில மதிப்பு, எந்த ஜெல் நேரம் வேண்டும் என்று எழுத்தில் கேட்க உங்களிடம் எண்கள் இருக்கும். மாமாவிடம் இன்றைக்கே கேட்கக்கூடியது ஒன்று: லேபிளை உரித்து, நிறப் பாட்டிலைத் தனியாக அரைத்து, சூடான காஸ்டிக்கில் கழுவி, அலசி, காயவைத்த 50 கிலோ மூட்டை.